உமியும் நொதியமும்: பேராசிரியர் வசந்தி அரசரட்ணத்தின் ஆய்வுப் பயணம்

மருத்துவமனை விடுதியில் கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் குளுக்கோசுப் பை எங்கிருந்து வருகிறது என்று நோயாளியும் கேட்பதில்லை, வைத்தியரும் யோசிப்பதில்லை. உலகில் அந்தக் குளுக்கோசு பெரும்பாலும் சோளத்தின் மாப்பொருளிலிருந்து வருகிறது. மாப்பொருளைக் குளுக்கோசாக உடைத்துத் தருபவை இரண்டு நொதியங்கள். ஒன்றை ஒரு பற்றீரியா சுரக்கிறது. மற்றதைச் சுரப்பது ஒரு கறுப்புப் பூஞ்சணம். நாட்பட்ட வெங்காயத்தின் தோலுக்கடியில் கரித்தூள் போலப் படிந்திருக்குமே, அந்த வகைதான்.

இந்த இரண்டு நொதியங்களோடும் தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்ட தமிழ்ப் பெண் விஞ்ஞானி ஒருவர் நமது நாட்டிலேயே, அதுவும் யாழ்ப்பாணத்தில், பணியாற்றியிருக்கிறார். அவர் பேராசிரியர் வசந்தி அரசரட்ணம். உங்களிற் பலர் அவரை 2011 முதல் 2017 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் என்று அறிந்திருப்பீர்கள். பட்டமளிப்பு விழாப் படங்களிற் கண்டிருப்பீர்கள். அந்தப் பதவிக்கு முன்னரும் பின்னணியிலும் இருந்த ஆய்வுகூடத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

அவர் நமது பாடசாலையின் பழைய மாணவி அல்லர். அப்படியிருக்க நமது நூற்றாண்டு மலரில் அவருக்கு எதற்கு இத்தனை பக்கம் என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இது. நமது பாடசாலை மலர்களைப் புரட்டிப் பாருங்கள். வைத்தியர்கள், ஆசிரியைகள், அதிபர்கள், சட்டத்தரணிகள், அண்மைக்காலத்தில் பொறியியலாளர்கள் என்று பெயர்கள் நிறைந்திருக்கும். நான் வைத்தியரானபோது என் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறியது. வீட்டாருக்குப் பெருமையாகவும் இருந்தது. ஆனால் வாழ்நாளை ஆராய்ச்சிக்குக் கொடுப்பது என்றால் என்ன, ஒரு பெண் அதைச் செய்தால் அவளுடைய நாட்கள் எப்படிப் போகும், அதிலிருந்து நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்த மலர்களிலிருந்து நாங்கள் தெரிந்துகொண்டதில்லை. உயர்தரத்தில் உயிரியல் படித்த எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த பாதை ஒன்றுதான். புள்ளி வந்தால் மருத்துவம், வராவிட்டால் வேறு ஏதாவது. அந்த ‘வேறு ஏதாவது’வுக்குள் எவ்வளவு பெரிய உலகம் இருக்கிறது என்பதற்கு இவரது பணி நல்ல சான்று.

கதையைச் சற்று முன்னிருந்து தொடங்க வேண்டும். மாப்பொருளைச் சர்க்கரையாக்கலாம் என்பது பழைய அறிவு. முளைத்த தானியம் இனிப்பதை எல்லா நாட்டுப் பெண்களும் அறிவார்கள். 1811இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் கேர்ச்சோவ் என்ற இரசாயனவியலாளர் மாப்பொருளை ஐதான கந்தக அமிலத்துடன் கொதிக்கவைத்தால் அது இனிப்புப் பாகாகும் என்று காட்டினார். அது நெப்போலியன் காலம். பிரித்தானிய வர்த்தகத்துக்கு விதிக்கப்பட்ட தடையால் கரும்புச் சீனி ஐரோப்பாவுக்கு வருவது குறைந்து விலை ஏறியிருந்தது. ஆகவே மாப்பொருளிலிருந்து சர்க்கரை செய்யும் ஆலைகள் அங்கே எழுந்தன. தடை நீங்கியதும் அவற்றிற் பல மூடப்பட்டன. ஒரு பொருளாதாரத் தடையின் நடுவிலேதான் இந்தத் துறை வேர்விட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1833இல் பிரான்சில் பேயனும் பெர்சோவும் முளைத்த பார்லியிலிருந்து மாப்பொருளைக் கரைக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு ‘டயஸ்ரேஸ்’ என்று பெயரிட்டார்கள். இன்று நொதியங்களின் ஆங்கிலப் பெயர்கள் ‘ஏஸ்’ என்று முடிவதற்கு அந்தப் பெயரே மூலம். 1897இல் புக்னர், மதுவத்தை நசுக்கி எடுத்த சாறு உயிருள்ள கலம் இல்லாமலே சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் காட்டி, 1907இல் நோபல் பரிசு பெற்றார். இடையில் 1894இல் அமெரிக்காவில் குடியேறியிருந்த ஜப்பானியர் ஜோகிச்சி தகாமினே, கோதுமைத் தவிட்டில் ஒரு பூஞ்சணத்தை வளர்த்து அதிலிருந்து நொதியம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய தாய்வழியினர் அரிசி மது வடிப்பவர்கள். அந்தக் குடும்பத் தொழிலில் அரிசியில் வளர்த்த பூஞ்சணம்தான் அது. ‘தகா-டயஸ்ரேஸ்’ என்ற பெயரில் அந்த நொதியம் அசீரணத்துக்கு மருந்தாக விற்பனையானது. நுண்ணங்கியிலிருந்து எடுத்த நொதியம் ஒரு வர்த்தகப் பொருளானது அப்போதுதான். அதே தகாமினேதான் சில ஆண்டுகளுக்குப் பின் அதிரினலினையும் தூய நிலையிற் பிரித்தவர். உயிர்காக்க அந்த ஊசியை ஏற்றும்போது நாங்கள் எவரும் தவிட்டை நினைப்பதில்லை.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கியது, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மருத்துவ பீடம் 1978இல் ஆரம்பமானது. மருத்துவ பீடத்தில் உயிரிரசாயனவியல் துறை என்றால் முதலாம் இரண்டாம் வருட மாணவர்களுக்குக் கிரெப்ஸ் வட்டத்தை மனனம் செய்வித்துப் பரீட்சையில் தேற வைக்கும் இடம் என்றுதான் வெளியார் நினைப்பர். நானும் வேறொரு மருத்துவ பீடத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் அந்தத் துறை கைத்தொழிலுக்குப் பயன்படும் நொதியங்களைப் பற்றிய ஆய்வுகூடமாகவும் வளர்ந்தது. பேராசிரியர் கே. பாலசுப்பிரமணியமும் வசந்தி அரசரட்ணமும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் 1990களில் வெளிநாட்டு ஆய்விதழ்களில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. மாப்பொருள் பற்றிய ஜேர்மானிய இதழ், நொதியத் தொழினுட்ப இதழ், உணவு விஞ்ஞான இதழ் என்று அவை பரவிக் கிடக்கின்றன. வருடத்தையும் முகவரியையும் சேர்த்து வாசித்தால் கட்டுரையிற் சொல்லப்படாத ஒன்றும் கூடவே வாசிக்கக் கிடைக்கும்.

அதற்கு முன் அந்த இரண்டு நொதியங்களைப் பற்றிக் கொஞ்சம். மாப்பொருள் என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோசு மணிகள் கோத்த மாலை. சில மாலைகள் நேராக இருக்கும், சில மரக்கிளை போலக் கிளைவிடும். அல்பா அமைலேசு அந்த மாலையை நடுவிலே கண்டபடி வெட்டும். எங்கள் உமிழ்நீரில் இருப்பதும் அந்த வகையே. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனாலே. ஆனால் அது மாலையைத் துண்டுகளாக்குமே தவிர முழுவதையும் தனித்தனி மணிகளாக்காது. குளுக்கோஅமைலேசு வேறு மாதிரி. அது மாலையின் ஒரு நுனியைப் பிடித்து ஒவ்வொரு மணியாகக் கழற்றிப் போடும். கிளை பிரியும் இடத்து முடிச்சையும் மெதுவாக அவிழ்க்கும். முதலாமது வெட்ட வெட்ட இரண்டாமதுக்குப் பிடிக்க நுனிகள் கூடும். ஆலைகளில் முதலில் ‘பசிலஸ் லைக்கனிபோமிஸ்’ என்ற பற்றீரியாவின் அமைலேசைச் சேர்த்து 100 பாகை செல்சியசுக்கு மேலான சூட்டில் மாவைக் கரைப்பார்கள். அந்தக் கொதியிலும் அது கெடாது. பின்னர் 60 பாகைக்கு ஆறவிட்டு, ‘அஸ்பஜிலஸ் நைகர்’ என்ற கறுப்புப் பூஞ்சணத்தின் குளுக்கோஅமைலேசைச் சேர்ப்பார்கள். 1960களிலிருந்து இந்த முறை வந்ததும் கேர்ச்சோவின் அமிலக் கொப்பறைகள் ஓய்வு பெற்றன.

1993இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் வசந்தி அரசரட்ணமும் பாலசுப்பிரமணியமும் சமைக்காத பச்சைச் சோளத்தின்மீது இந்த இரண்டு நொதியங்களும் ஒன்றுசேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்தார்கள். சாதாரணமாக மாப்பொருள் மணிகள் இறுக்கமானவை. கஞ்சியாகக் காய்ச்சினால்தான் அவை வீங்கி உடைந்து நொதியத்துக்கு இடம்கொடுக்கும். காய்ச்சுவதற்குத்தான் எரிபொருளிற் பெரும்பகுதி செலவாகும். பச்சையாகவே கரைக்க முடிந்தால் அடுப்புச் செலவு மிச்சம். தனித்தனியாகச் செய்வதன் கூட்டுத்தொகையை விட இரண்டும் சேர்ந்து அதிகம் செய்வதையே அந்தத் தலைப்பிலுள்ள ‘ஒருங்கியைபு’ என்ற சொல் குறிக்கிறது.

1993 என்ற வருடத்தைப் பாருங்கள். 1990 நடுப்பகுதியில் போர் மீண்டும் வெடித்த பின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள், மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அங்கிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்த தோழியர் சொல்லித்தான் இதை முதலில் அறிந்தேன். அடுப்பெரிக்காமல் மாப்பொருளைக் கரைக்கும் வழியை ஒரு ஆய்வுகூடம் அந்த ஊரில், அந்த வருடங்களில் தேடியது. தடைக்கும் ஆய்வுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததென்று நான் சொல்ல வரவில்லை. எரிபொருள் மிச்சம் எல்லா நாட்டு ஆலைக்கும் பொதுவான கவலை. ஆனாலும் 1811இன் கதையை அறிந்தவர்களுக்கு அந்த முகவரி ஒரு கணம் கண்ணில் நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது உமி பற்றிய ஆய்வு. அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பூஞ்சணத்தை இரண்டு விதமாக வளர்க்கலாம். ஒன்று, பெரிய தாங்கியில் சத்துக்கரைசலை நிரப்பி, மோட்டாரினாற் கலக்கி, காற்றைச் செலுத்தி வளர்ப்பது. இதற்கு மின்சாரமும் இயந்திரமும் வேண்டும். மற்றது தகாமினேயின் வழி: ஈரமான திண்மப் பொருளின்மேல், கரைசல் வடியாத அளவு நீருடன், தட்டில் வளர்ப்பது. பழஞ்சோற்றின்மீதும் பாணின்மீதும் பூஞ்சணம் தானாகவே செய்வது இதுதான். இதைத் திண்மநிலை நொதித்தல் என்பர். கோதுமை விளையாத நாட்டில் கோதுமைத் தவிட்டுக்கு எங்கே போவது? நம்மிடம் உள்ளது அரிசித் தவிடு. அதிற் சத்து நிறைய உண்டு. ஆனால் நனைத்தால் பசைபோலக் கட்டிபடும். கட்டிக்குள் காற்றுப் போகாது, உள்ளே சூடு ஏறும், பூஞ்சணம் மேற்பரப்பில் மட்டும் வளரும். பிட்டுக்கு மாக் குழைக்கும்போது நீர் கூடினால் என்ன ஆகும் என்று தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

1997இல் வெளியான கட்டுரையில் அவர்கள் கண்ட வழி, தவிட்டை உமியோடு கலப்பது. உமியிற் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு அநேகமாக இல்லை. அதிற் சிலிக்கா அதிகம். மாடும் விரும்பித் தின்னாது, எளிதில் உக்காது. பயனற்றது என்று நாம் ஒதுக்கும் அந்தக் குணங்களே இங்கே உதவின. உமி நனைந்தாலும் குழையாது. ஒவ்வொரு உமியும் ஒரு சிறு ஓடம் போல வளைந்திருப்பதால் இடையே காற்றுக்கு வழி இருக்கும். உமி தாங்கியாக நிற்க, அதன்மேற் படிந்த தவிட்டைத் தின்று அஸ்பஜிலஸ் நைகர் வளர்ந்து குளுக்கோஅமைலேசைச் சுரந்தது. வீடு கட்டும் கல் உமி, வீட்டிலுள்ள சோறு தவிடு என்று என் மகளுக்கு விளக்கினேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

இலங்கையில் நல்ல விளைச்சல் வருடமொன்றில் 40 இலட்சம் தொன்னுக்கு மேல் நெல் கிடைக்கிறது. நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமி. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நான் இப்போது பணியாற்றும் பல்லேகமவில் இதைக் கண்ணாற் காணலாம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபக்கத்தில், மாத்தளை மாவட்டத்தின் லக்கல பிரதேசத்தில் இருக்கும் ஊர் இது. பழைய பல்லேகம நகரம் களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. மக்கள் குடியேற்றப்பட்ட புதிய நகரத்தில் இப்போது எல்லாம் புதிதாக இருக்கின்றன. நெல்லும் உமியும் மட்டும் பழையபடிதான். ஆலைகளில் நெல் அவிக்கும் அடுப்புக்கும், செங்கல் சூளைக்கும் போனது போக மிச்சம் குவிந்து கிடக்கிறது. அந்தக் குவியலைக் கடக்கும்போதெல்லாம் 1997ஆம் ஆண்டுக் கட்டுரை ஞாபகத்துக்கு வருகிறது.

அந்த 1997ஐயும் சும்மா கடந்துவிட முடியாது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியும் மருத்துவ பீடமும் அந்த வலிகாமத்துக்குள்ளேதான். மறு வருடம் சித்திரை வைகாசியில்தான் பெருமளவானோர் திரும்பினர். அதற்கு முன்னும் பின்னும், 1996இலும் 1997இலும், இந்தத் துறையின் கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன. ஆய்வுக் கட்டுரையில் இடப்பெயர்வுக்கு ஒரு வரியும் ஒதுக்குவதில்லை. வெப்பநிலை, அமிலத்தன்மை, ஈரப்பதன், மணித்தியாலம், நொதியத்தின் அளவு ஆகியவை மட்டுமே இருக்கும். நுண்ணங்கி ஆய்வு செய்தவர்களுக்கு இதன் பாரம் தெரியும். வளர்ப்பை நாள் தவறாமற் பேண வேண்டும், குளிரில் வைக்க வேண்டும், கிருமி தொற்றாமற் காக்க வேண்டும். ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டி நின்றால் மாதக்கணக்கான உழைப்புப் போகலாம்.

1996ஆம் ஆண்டுக் கட்டுரை இலற்றிக்கு அமிலம் பற்றியது. பாற்கட்டி செய்தபின் எஞ்சும் தெளிந்த நீரை எடுத்து, குளுக்கோசும் வெவ்வேறு நைதரசன் மூலங்களும் சேர்த்து, ‘லக்ரோபசிலஸ் டெல்புருக்கி’ என்ற பற்றீரியாவைக்கொண்டு இலற்றிக்கு அமிலமாக்குவது. இதே இனத்தின் ஒரு வகைதான் தயிரையும் தோய்க்கிறது. இங்கேயும் கழிவுதான் மூலப்பொருள் என்பதைக் கவனியுங்கள். 2001இல் வெப்பம் தாங்கும் மதுவ வகையொன்றைப் பிரித்து மேம்படுத்திய ஆய்வு வந்தது. குளிர்நாட்டு மதுவம் 30 பாகையிற் சுகமாக வேலை செய்யும். நொதித்தல் தாங்கி தானாகவே சூடேறும். நமது காலநிலையில் அதை ஆற்றக் குளிர்நீர் ஓட்ட வேண்டும், அதற்கும் மின்சாரம் வேண்டும். சூட்டைத் தாங்கும் மதுவம் கிடைத்தால் அந்தச் செலவு குறையும். இந்த ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது ஒரே கேள்வி: எங்கள் வெயிலில், எங்கள் கழிவில், எங்கள் கைக்கெட்டும் செலவில் இதைச் செய்ய முடியுமா? வெளிநாட்டு ஆய்வுகூடத்தின் கேள்வியை இரவல் வாங்கி, கருவி போதவில்லை என்று சலித்துக்கொள்ளும் ஆய்வுகள் நம்மிடையே நிறைய உண்டு. இது அந்த வகை அல்ல.

வெளியுலகத் தொடர்பும் இல்லாமலில்லை. 2000இல் வந்த கட்டுரையொன்றில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இகோர் கலாயேவ், போ மத்தியாசன் ஆகியோர் அவருடன் இணை ஆசிரியர்கள். அது மிக நுட்பமான வேலை. திரிப்சின் என்ற நொதியத்தை யூட்ராகிற் என்ற பல்பகுதியத்துடன் பிணைத்தார்கள். இந்த யூட்ராகிற்றை வைத்தியர்கள் அறியாமலே அறிவார்கள். வயிற்றிற் கரையாமல் குடலிற் கரைய வேண்டிய மாத்திரைகளின் மேற்பூச்சு அதுதான். அமிலத்தன்மையைச் சற்று மாற்றினால் அது கரையும், மறுபடி மாற்றினால் வீழ்படியும். ஆகவே நொதியத்தைக் கரைந்த நிலையில் வேலை வாங்கிவிட்டு, பின் வீழ்படியச் செய்து மீட்டு, திரும்பவும் பயன்படுத்தலாம். ஒரு தடவை போட்டுக் கொட்டிவிடும் விலையுயர்ந்த பொருளைப் பல தடவை பாவிக்கும் வழி அது. வீட்டுப் பெண்களுக்குப் பிடிக்கும் விஞ்ஞானம் என்று சொன்னால் பேராசிரியர் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

நுண்ணங்கி நொதியங்கள் இல்லாமல் இன்றைய மருத்துவம் ஒரு நாளும் நகராது. இரத்தச் சர்க்கரை பார்க்கும் கீற்றுகள் பலவற்றில் இருக்கும் குளுக்கோசு ஒட்சிடேசு, நாம் பார்த்த அதே கறுப்புப் பூஞ்சணத்திடமிருந்து எடுக்கப்படுவது. மாரடைப்பில் அடைப்பைக் கரைக்க நாங்கள் ஏற்றும் ஸ்ரெப்ரோகைனேசு, தொண்டைநோய் தரும் பற்றீரியாவின் குடும்பத்திலிருந்து வருகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இடும் அஸ்பரஜினேசு, குடலில் வாழும் ஈகோலியிடமிருந்து. கொவிட் காலத்தில் ஊரெல்லாம் பேசிய பிசிஆர் பரிசோதனை, கொதிநீர் ஊற்றில் வாழும் பற்றீரியாவிடமிருந்து கிடைத்த ஒரு நொதியத்தின் வழிவந்தது. அந்தப் பற்றீரியாவை 1969இல் அமெரிக்காவின் யெலோஸ்ரோன் ஊற்றுகளிலிருந்து பிரித்து விவரித்தவர்கள் அது எதற்குப் பயன்படும் என்று அறிந்திருக்கவில்லை. என் விடுதியில் இவையெல்லாம் வெளிநாட்டுப் பெட்டிகளில் வருகின்றன. 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது அந்தப் பெட்டிகள் எவ்வளவு முக்கியம் என்பதைச் சிற்றூர் மருத்துவமனைகளில் வேலை செய்தவர்கள் நன்றாக உணர்ந்தோம். உமியும் தவிடும் நம்மிடம் உண்டு, அதை நொதியமாக்கும் அறிவும் நம்மவரிடம் இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பே இருந்தது. ஆய்வுகூடத்துக் குடுவைக்கும் ஆலைத் தாங்கிக்கும் இடையில் முதலீடும் கொள்கையும் பொறுமையும் வேண்டும். அதைத் தருவது விஞ்ஞானியின் வேலையல்ல. ஆனால் விஞ்ஞானியைத்தான், உங்கள் ஆராய்ச்சியால் என்ன பயன் என்று நாடு கேட்கிறது. இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலூட்டுகிறது என்பதை மறைக்கவில்லை.

2011இல் அவர் துணைவேந்தரானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு அவரே முதலாவது பெண் துணைவேந்தர். போர் முடிந்து இரண்டு வருடங்கள்கூட நிறையாத நேரம். நிருவாகம் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். எனக்கு வியப்பூட்டுவது, அதே 2011இல் அவர் ஆர். கபிலனுடன் சேர்ந்து எழுதிய இன்னொரு உமிக் கட்டுரை வெளிவந்தது. இம்முறை நுண்ணங்கி ‘பசிலஸ் பியூமிலஸ்’, நொதியம் சைலனேசு. தாவரக் கலச்சுவரிலுள்ள சைலனை உடைப்பது அது. கடதாசிக் கூழை வெளுக்கும் தொழிலில் குளோரீனின் தேவையைக் குறைப்பதற்கு உதவும். தாங்கியாக நின்றது அதே நெல் உமி. பதினான்கு வருட இடைவெளியில் பூஞ்சணம் மாறியது, நொதியம் மாறியது, கூட்டாளியும் மாறினார். உமி மாறவில்லை. ஆராய்ச்சி என்பது ஒரு நாள் தலையில் விழும் அப்பிள் என்று பாடப்புத்தகம் படித்து நினைத்திருந்த நம் தலைமுறைக்கு, ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கும் இந்தப் பிடிவாதம் தெரிய வேண்டும்.

இந்திய உபகண்டத்தில் இவருக்கு முன்னோடி ஒருவரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கமலா சோஹோனி 1930களில் பெங்களூரின் இந்திய விஞ்ஞான நிறுவனத்திற் சேர விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் சி. வி. இராமன் முதலில் மறுத்தார். பின்னர் நிபந்தனையோடுதான் அனுமதித்தார். அவரே 1939இல் கேம்பிரிட்ஜில் உயிரிரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னாளில் பனை இனங்களிலிருந்து இறக்கும் பதநீரின் போசணை மதிப்பை ஆராய்ந்தார். பெண் விஞ்ஞானிகள் சமையலறைக்கும் தோட்டத்துக்கும் அருகிலுள்ள பொருளையே எடுக்கிறார்கள் என்று சிலர் குறையாகச் சொல்வதுண்டு. தகாமினே எடுத்ததும் தவிட்டைத்தானே?

வைத்தியர் என்ற முறையில் நான் இவருடைய பெயரை முதலிற் சந்தித்தது நொதியத்தில் அல்ல, சாப்பாட்டில். 2010இல் இலங்கை மருத்துவ சஞ்சிகையில், கறிகள் சேரும்போது உணவின் சர்க்கரைச் சுட்டி எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்த கட்டுரையொன்று வந்தது. அவரும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். சர்க்கரைச் சுட்டி என்பது ஓர் உணவு இரத்தத்திற் குளுக்கோசை எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது என்பதன் அளவு. யாழ்ப்பாணத்துப் பழங்களுக்கும் அவ்வாறே சுட்டி பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். குடுவையில் மாப்பொருளை எவ்வளவு வேகமாகக் குளுக்கோசாக்கலாம் என்று வருடக்கணக்காகத் தேடியவர், மனித வயிற்றில் அதே மாற்றத்தின் வேகத்தை அளந்தார். வேலை ஒன்றுதான், பாத்திரம் மட்டும் வேறு.

அதன் அருமை என் நீரிழிவுச் சிகிச்சை நிலையத்தில் தெரியும். புத்தகங்களிலுள்ள அட்டவணைகள் வெள்ளைப் பாணுக்கும் உருளைக்கிழங்குக்கும் ஆப்பிளுக்கும் எண் தருகின்றன. பல்லேகமவில் என் முன்னால் இருப்பவர், “நோனா, குரக்கன் தலப்பா சாப்பிடலாமா, வாழைப்பழம் தின்னலாமா?” என்று சிங்களத்திற் கேட்கிறார். என் அம்மாவின் வயதுத் தோட்டத்து அம்மா, “ரொட்டியும் சம்பலும் தவிர வேற என்னம்மா நாங்க கண்டோம்?” என்கிறார். எவரும் சோற்றைத் தனியாகத் தின்பதில்லை. பருப்பும் கீரையும் சேரும், தேங்காய்ப்பூச் சம்பல் சேரும். சேர்த்துத் தின்னும் சாப்பாட்டை அப்படியே அளந்து பார்த்த ஆய்வு வெளிநாட்டிலிருந்து நமக்கு வராது. அதை இங்கேயுள்ள ஒருவர்தான் செய்ய வேண்டும். செய்திருக்கிறார்கள்.

மலர்க் குழுவினரிடம் ஒரு விடயம் கேட்டிருக்கிறேன். அதை உங்களிடமும் சொல்கிறேன். நமது சங்கத்தின் அங்கத்துவப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ஆராய்ச்சி என்று எழுதியவர்கள் மிகச் சிலரே. இருப்பவர்களில் எத்தனை பேர் என்பதற்கு இது சரியான கணக்கு அல்ல என்றே நினைக்கிறேன். பேராதனையிலும் கொழும்பிலும், தேயிலை, இறப்பர், நெல் ஆராய்ச்சி நிலையங்களிலும், கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஆய்வுகூட மேசையருகே நிற்கும் நமது பழைய மாணவியர் இருப்பீர்கள். ஆய்வுகூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற அக்காமாரும் இருப்பீர்கள். எந்த வருடம் உயர்தரம் எடுத்தீர்கள், எதை ஆராய்கிறீர்கள், முதலாவது கட்டுரை எப்போது வந்தது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, தமிழிலேயே எழுதி, சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். இப்போது உயர்தரம் படிக்கும் தங்கையருக்கு வாசிக்கக் கொடுப்பதற்காகத் தனிக் கோவையொன்று திறந்து வைத்திருக்கிறோம். இதுவரை அதில் இரண்டு பக்கங்கள் சேர்ந்துள்ளன.